உப்புக்காற்றில் கம்ப்யூட்டர்: இராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, கடலை ஒட்டிய ஊர்களில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறது. மதுரையிலோ கோவையிலோ இருப்பவருக்குச் சொல்லும் பதில் இங்கே பாதி இடங்களில் பொருந்தாது. இந்தக் கரையில் மெஷினின் ஆயுளைத் தீர்மானிப்பவை உப்பும் கரண்டும். அதனால் திறந்து பார்க்கவும் பாகம் மாற்றவும் முடிகிற மெஷினுக்கே இங்கே முதலிடம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தில் எழுதியவை.

கடலோரத்துல கம்ப்யூட்டர் சீக்கிரம் போயிருதே, நெசமாவே உப்புக் காத்துதான் காரணமா?

ஆமாம். அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் காற்றிலேயே வற்றி, உப்புத்தூளாக வீட்டுக்குள் வருகின்றன. சோடியம் குளோரைடு மட்டும் என்றால், காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அது 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். பாம்பனிலும் மண்டபத்திலும் காற்று அந்த அளவுக்கு வறள்வது அபூர்வம். ஆகவே போர்டில் (சிப்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் மதர்போர்டு) படிந்த உப்பு பெரும்பாலும் ஈரமாகவே கிடக்கும். ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். சிப்பின் அடுத்தடுத்த இரண்டு கால்களுக்கு நடுவே 3.3 வோல்ட் இருந்தால்கூடப் போதும், செம்பு கரைந்து பச்சை பூத்துவிடும்.

உலோகம் கடல் காற்றில் எப்படி அரிக்கிறது என்று பார்க்க காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) சோதனை நிலையம் வைத்திருப்பதே மண்டபத்தில்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றைத்தான் உங்கள் கேபினட் ஃபேன் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. முதலில் கெடுபவை ராம் (நினைவகக் கார்டு) முனைகள், யுஎஸ்பி மற்றும் லேன் போர்ட்டின் பின்கள், எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை) ஃபேன், லேப்டாப்பில் சார்ஜர் பின்.

அப்ப ஏசி ரூம்ல வச்சா சரியாப் போயிரும்ல?

ஏசி ஓடும்வரை நல்லதுதான். ராத்திரி முழுக்க குளிர்ந்த அறையில் காலையில் ஜன்னலைத் திறந்தால், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த உலோகத்தின் மேல் பனியாகப் பூக்கும். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த லேப்டாப்பைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டு, பிறகு ஆன் செய்யுங்கள்.

தினமும் இரண்டு மணி நேரம் ஓடுகிற மெஷின், மாதக்கணக்கில் மூடிக் கிடக்கிற மெஷினைவிட நன்றாக இருக்கும். ஓடும் சூடே உள்ளே உள்ள ஈரத்தை விரட்டிவிடும். பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித் துணி போதும். ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் பக்கத்து ஜன்னலை ஒட்டி மேசை போட வேண்டாம். வெளியூரில் 6 மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டினால் போதும் என்றால், இங்கே 3 மாதத்துக்கு ஒருமுறை.

பவர் போட்டா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல. போர்டு போயிருச்சா?

இந்தப் பக்கத்தில் இப்படி வரும் மெஷின்களில் முதலில் ராமைத்தான் சந்தேகப்பட வேண்டும். போர்டு போய்விட்டது என்று சொல்லிப் பணம் கேட்கும் முன் இதைச் செய்து பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 5 விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். லேப்டாப் என்றால் உள்ளே பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ராமை எடுங்கள். தங்க நிற முனைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலாகவோ, ஊசிமுனை அளவு கரும்புள்ளிகளாகவோ இருந்தால் அதுதான் கோளாறு.

99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, மேலிருந்து முனையை நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். இரண்டும் வேண்டாம். ரப்பர் வைத்துத் தேய்ப்பது ஊரெங்கும் உள்ள பழக்கம், அன்றைக்கு மெஷின் ஓடவும் செய்யும். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது. தேய்ந்து கீழே உள்ள நிக்கலும் செம்பும் வெளியே வந்தால் உப்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். அடுத்த முறை துடைத்தாலும் ஓடாது.

ஸ்லாட்டை மென்மையான பிரஷ்ஷால் தட்டி, ராமை நான்கைந்து முறை போட்டு எடுங்கள்; உள்ளே உள்ள பின்கள் உரசித் தெளியும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பாருங்கள். டிடிஆர்5 (புதிய வகை ராம்) போர்டு என்றால் ராமைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் முறை சில நிமிடங்கள் கறுப்புத் திரையாகவே நிற்கும். அது ராமைப் பழக்கிக்கொள்கிறது, பவரை நிறுத்தாதீர்கள்.

தேதி பழசுக்குப் போயிருது, எந்த வெப்சைட்டும் தொறக்க மாட்டேங்குது. வைரஸா?

வைரஸ் இல்லை. போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாததாகத் தெரியும், பிரௌசர் திறக்க மறுக்கும். பேட்டரி 3 வோல்ட், மல்டிமீட்டரில் 2.7க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். மாற்றும்போது பிடிமானத்தில் பச்சை பூத்திருந்தால் மேலே சொன்ன ஆல்கஹாலால் துடையுங்கள்.

2011-க்கு அப்புறம் ஸ்கூல்ல குடுத்த லேப்டாப் வச்சிருக்கோம். ரொம்ப ஸ்லோ. ஃபார்மட் அடிச்சா சரியாகுமா?

ஃபார்மட் அடித்தால் ஒரு வாரத்துக்குச் சுகமாக இருக்கும். கோளாறு சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. 7200 சுற்று வேகத்தில் ஓடும் டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கே 8.3 மில்லி விநாடி ஆகிறது, லேப்டாப் டிஸ்க்குகளில் பல 5400 சுற்றுதான். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை ஒரு விநாடிக்கு நூறு தடவை தேடுவதே அதற்குப் பெரிய வேலை. சுழலும் தட்டே இல்லாத சாட்டா எஸ்எஸ்டி அதையே பல்லாயிரம் தடவை செய்யும்.

2.5 அங்குல, 7 மிமீ தடிமனுள்ள 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். ராம் 2 ஜிபி என்றால் 4 அல்லது 8 ஆக்குங்கள். வாங்கும் முன் பழைய ராமின் ஸ்டிக்கரைப் பாருங்கள்: டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட். 1.35 மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் 1.5 போட்டால் ஆன் ஆகாது. கழற்றிய ஹார்டு டிஸ்க்கை எறியாதீர்கள், யுஎஸ்பி கேஸில் போட்டால் பேக்கப்புக்கு ஆகும்.

வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு. கம்ப்யூட்டருக்குத் தனியா யுபிஎஸ் வேணுமா?

லேப்டாப் என்றால் வேண்டாம், அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. டெஸ்க்டாப் என்றால் இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் உள்ள சுவிட்சைப் பாருங்கள். அதை யுபிஎஸ் நிலையில் வைத்தால் கரண்ட் போனதும் சுமார் 10 மில்லி விநாடியில் மாறும். சாதாரண நிலையில் இன்னும் தாமதமாகும். முழுச் சுமையில் எஸ்எம்பிஎஸ் தன்னிடம் உள்ளதை வைத்துத் தாக்குப்பிடிப்பது 16 மில்லி விநாடி அளவுதான். கரண்ட் போகும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆவது இதனால்தான். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்களே சில நேரம் ஒத்துழைக்காது. சைன் வேவ் இன்வெர்ட்டரும் யுபிஎஸ் நிலையும் இருந்தால் தனி யுபிஎஸ் தேவையில்லை.

600 விஏ யுபிஎஸ் என்றால் 360 வாட் வரை தாங்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. 100 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்புக்கு 20 நிமிடம் கிடைத்தால் நன்று. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்தப் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே நம் ஊர் வெயிலில் 2 வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டி வரலாம், யுபிஎஸ்ஸே போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டக் கூடாது. உருளை சூடாகும்போது அது திடீரென்று 800, 1000 வாட் இழுக்கும்.

சார்ஜ் போட்டுட்டு லேப்டாப்பத் தொட்டா சுள்ளுங்குது. கேபினட் தொட்டாலும் அப்படித்தான். ஆபத்தா?

எர்த் இல்லை என்று அர்த்தம். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் மிகச் சிறிய கசிவு மின்சாரத்தை உடம்புக்கு அனுப்பும், எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இரண்டு பின் சார்ஜரில் லேசான சுள்ளென்ற உணர்வு இயல்பு. மூன்று பின் பிளக்கிலும் அப்படி என்றால் சரிபார்க்க வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவில் இருக்க வேண்டும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்குள். கடைசி அளவு பத்துக் கணக்கில் ஏறினால் எர்த் அறுந்திருக்கிறது.

இராமேஸ்வரம் தீவு மாதிரி மணல் நிலத்தில் இரண்டு பக்கமும் இடி. மேல்மணல் காய்ந்து கிடப்பதால் மின்சாரம் இறங்காது, கீழே உப்பு நீர் இருப்பதால் ஜிஐ பைப் அரித்துப் போகும். குழியில் உப்பும் கரியும் போடும் பழைய முறை இங்கே பைப்பின் ஆயுளைத்தான் குறைக்கும். செம்பு பூசிய கம்பியும் பென்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண்) கலவையும் கேளுங்கள். கம்பியும் ஒயரும் சேரும் பூட்டு மண்ணுக்கு மேலே கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும். அரிப்பு முதலில் தொடங்கும் இடம் அதுதான்.

ஐப்பசி கார்த்திகையில இடி இடிக்கும்போது ஆஃப் பண்ணா போதுமா?

போதாது. சுவிட்சுக்குள் உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். பிளக்கைப் பிடுங்குங்கள், லேன் கேபிளையும் பிடுங்குங்கள். ஃபைபர் இணைய இழை மின்சாரம் கடத்தாது. ரவுட்டரின் அடாப்டர் கடத்தும்.

காக்கா (அண்ணே), முப்பத்தஞ்சாயிரத்துக்குப் புது லேப்டாப் வாங்கவா, பாதி விலைக்குப் பழசு வாங்கவா?

படிக்கிற பிள்ளைக்கும் கடைக் கணக்குக்கும் என்றால் பழைய ஆபீஸ் ரக லேப்டாப்புதான் சரி: டெல் லேட்டிட்யூட், லெனோவா திங்க்பேட், ஹெச்பி எலைட்புக் மாதிரி. அந்த விலையில் வரும் புதியவற்றில் பல மெல்லிய பிளாஸ்டிக், பலவீனமான கீல். ஆபீஸ் ரகத்தில் பெரும்பாலானவற்றுக்குப் பாகம் கிடைக்கும், பிரித்து மாட்டும் கையேட்டைக் கம்பெனியே இணையத்தில் வைத்திருக்கிறது. இன்டெல் 8-ஆம் தலைமுறைச் சிப்புக்குக் கீழே போகாதீர்கள், காரணம் விண்டோஸ் கேள்வியில் வருகிறது.

பார்க்க வேண்டியதில் முக்கியமானது, அது எந்த ஊரில் ஓடியது என்பது. பெங்களூரு, கோவை ஆபீஸில் 4 வருடம் ஓடியது, கடலோரத்தில் 1 வருடம் ஓடியதைவிட மேல். அடிமூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடியோ பச்சையோ இருந்தால் விட்டுவிடுங்கள். பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்பு) பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது பலர் ஏமாறும் இடம்: விண்டோஸைப் புதிதாகப் போட்டு, இணையத்தில் இணைத்தபடி முதல் அமைப்பை முடியுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரும் அதன் லாகினும் வந்தால், அந்த மெஷின் இன்னும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. கடைக்காரர் இணையம் இல்லாமல் போட்டுக் காட்டினால் இது தெரியாது.

ஐ5-ன்னா நல்லது, ஐ3-ன்னா சுமார், அவ்வளவுதானே?

இல்லை. 6-ஆம் தலைமுறை ஐ5-ஐவிட 12-ஆம் தலைமுறை ஐ3 நல்ல வேகம். பெயர் வைப்பதில் இந்தத் துறை வாங்குபவரை வேண்டுமென்றே குழப்புகிறது. ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ என்பது 7000 வரிசைப் பெயரோடு வந்தாலும் உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. அந்த வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்லும். பழைய சரக்குக்குப் புதிய எண் குத்தி விற்பது நேர்மையான வியாபாரம் இல்லை. முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, வெளியான வருடத்தைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

விண்டோஸ் 10 முடிஞ்சுருச்சுன்னு வருது. இனி மெஷின் ஓடாதா?

ஓடும். 2025 அக்டோபர் 14-உடன் இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. வீட்டு உபயோகத்துக்குக் கூடுதல் திட்டத்தில் பதிந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும், இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறையும் வேண்டும். குறுக்கு வழியில் பழைய மெஷினிலும் ஏற்றித் தருகிறார்கள். ஏறும், ஆனால் அடுத்த பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். நன்றாக ஓடும் கோடிக்கணக்கான மெஷின்களை ஒரு சிப் பட்டியலை வைத்து ஒதுக்குவது வீண்விரயம்.

வங்கி வேலையும் படிப்பும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ (லேசான) பதிப்பைப் போடுங்கள். 4 ஜிபி ராமில் ஓடும். 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரகாசம் மூன்றும் வேலை செய்தால் தைரியமாக நிறுவலாம்.

லினக்ஸ் போட்டா கடை வேலை ஓடுமா? பிரிண்டர், கைரேகை மெஷின், தமிழ் டைப்பிங் எல்லாம் இருக்கே?

இ-சேவை வேலை செய்யும் கடைக்கு வேண்டாம். கைரேகைக் கருவிகளுக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களுக்கும் விண்டோஸ்தான் சிக்கல் இல்லாத வழி. பிரிண்டரில் ஹெச்பி பெரும்பாலும் மாட்டியவுடன் ஓடும். ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்க்கும் கேனான் எல்பிபி2900 லினக்ஸில் படாதபாடு படுத்தும்.

தமிழ் தட்டச்சுக்கு ஒரு குறையும் இல்லை. 1999-இல் சென்னை மாநாட்டின் வழி வந்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் விண்டோஸிலும் இருக்கிறது. பழைய கோப்பு கட்டம் கட்டமாகவோ ஆங்கில எழுத்துக் குப்பையாகவோ தெரிந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய குறியீட்டில் அடித்தது. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றும் உடைந்திருக்கிறதா என்று கண்ணால் சரிபாருங்கள், மாற்றும்போது உடைவது பெரும்பாலும் அங்கேதான். தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்ற பிறகும் பிளெக்ஸ் கடைகள் பழைய குறியீட்டில் தொடர்வதால், கல்யாணப் பத்திரிகை முதல் சங்கக் கணக்கு வரை தேடினால் கிடைக்காத தமிழாகக் குவிந்து கிடக்கிறது. புதிதாக அடிப்பதையாவது யூனிகோடில் அடியுங்கள்.

ராமையும் பேட்டரியையும் ஏன் இப்ப ஒட்டியே குடுத்துர்றாங்க? ஏஐ பிசி வாங்கச் சொல்றாங்களே, வாங்கணுமா?

ராமை ஒட்டுவதில் கொஞ்சம் நியாயம் உண்டு: எல்பிடிடிஆர் வகை ராம், பிராசசருக்கு மிக அருகில் இருந்தால்தான் குறைந்த மின்சாரத்தில் அந்த வேகம் கிடைக்கும். பேட்டரியைப் பசையில் ஒட்டுவதற்கும், கீபோர்டை மேல்மூடியோடு ரிவெட் அடிப்பதற்கும் அப்படி ஒரு நியாயமும் இல்லை. உப்பில் கீபோர்டு மாதிரி பாகங்களும் சீக்கிரம் போகும் என்னும்போது, ஒரு பட்டனுக்காக மேல்மூடி முழுவதும் மாற்றச் சொல்வது இந்தக் கரைக்காரர்களுக்கு இரட்டைத் தண்டனை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கியது. அது சட்டமாகும்வரை கடையில் நீங்களே கேளுங்கள்: ராம் ஸ்லாட் எத்தனை, பேட்டரி திருகா பசையா, கீபோர்டு தனியாகக் கழலுமா?

ஏஐ பிசி என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் வேண்டாம். மைக்ரோசாஃப்டின் கோபைலட் பிளஸ் முத்திரைக்கு 40 டாப்ஸ் (விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) வேகமுள்ள என்பியூவும் (ஏஐ வேலைக்கென்றே உள்ள சிப் பகுதி) 16 ஜிபி ராமும் வேண்டும். இதில் உங்களுக்கு நிஜமாக உதவுவது அந்த 16 ஜிபி. பெரிய ஏஐ மையங்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியது. மைக்ரான் தன் குரூஷியல் நுகர்வோர் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. கையில் உள்ள டிடிஆர்4 ராமைப் பத்திரமாக வையுங்கள்.

போட்ல வரும்போது பைக்குள்ள கடல்தண்ணி ஏறி லேப்டாப் நனைஞ்சிருச்சு. அரிசிக்குள்ள வைக்கட்டுமா?

வைக்காதீர்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நீர் காய்ந்தாலும் உப்பு போர்டிலேயே நிற்கும், பிறகு முதல் பதிலில் சொன்னதுதான் நடக்கும். காய வைப்பதைவிட உப்பைக் கழுவுவது முக்கியம். ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அடிமூடியைத் திறந்து முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ராம், எஸ்எஸ்டி, வைஃபை கார்டை எடுங்கள். போர்டைத் தனியே கழற்றி, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான பிரஷ்ஷால் இரண்டு முறை அலசுங்கள். பிறகு 99 சதவீத ஆல்கஹாலில் ஒருமுறை. நிழலில், ஃபேனுக்கு அடியில் 48 மணி நேரம். ஸ்கிரீனை அலசக் கூடாது, தாள்களுக்கு நடுவே நீர் புகுந்துவிடும்.

கடல் நீரில் நனைந்த லித்தியம் பேட்டரியைத் திரும்ப மாட்டாதீர்கள். வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத இடத்தில் மணல்மேல் வையுங்கள். உள்ளே அரிப்பு ஓடி, ஒரு நாள் கழித்துக்கூடப் பற்றலாம்.

போர்டு மேல கோட்டிங் அடிச்சா உப்பே ஏறாதாமே? எல்லா மெஷினுக்கும் அடிச்சுரலாமா?

கன்ஃபார்மல் கோட்டிங் என்ற அக்ரிலிக் ஸ்பிரே நிஜமாகவே வேலை செய்யும். ஆனால் ஏற்கெனவே உப்புப் படிந்த போர்டின் மேல் அடித்தால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். மேலே சொன்ன மாதிரி அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். ராம் ஸ்லாட், போர்ட்டுகள், பட்டன் பேட்டரிப் பிடி, சிப்பின் மேல்பரப்பு எல்லாவற்றையும் டேப்பால் மூடுங்கள். மெல்லியதாக இரண்டு பூச்சு, நடுவே டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காய விடுங்கள்.

முதலில் கெடுவது முனைகளும் போர்ட்டுகளும் என்று மேலே பார்த்தோம். அவற்றின் மேல் கோட்டிங் போட முடியாது என்பதால் வீட்டு டெஸ்க்டாப்புக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. வாரண்டியும் போகும். மொட்டைமாடி சிசிடிவியின் பவர் போர்டு, வெளியே நிற்கும் வைஃபை பெட்டி, இறால் பண்ணை மோட்டார் கன்ட்ரோலர் மாதிரி திறந்த வெளியில் வருடக்கணக்கில் நிற்பவற்றுக்குக் கட்டாயம் அடியுங்கள். அவற்றில் ஒயர் நுழையும் துளை பெட்டியின் அடிப்பக்கம் இருக்க வேண்டும். ஒயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் சொட்டும் நீர் உள்ளே போகாமல் அந்த வளைவிலேயே விழும்.